வெயிற்காப்புப் பூச்சும் முருகைக்கற் பாறைகளும்: ஒரு தெரிவின் வரலாறு

அங்காடியில் விற்கப்படும் எந்தப் பண்டத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. அப்பண்டம் எந்தச் சமுதாயத்தில், யாருடைய தேவைக்காக, யாருடைய இலாபத்துக்காகத் தோன்றிற்று என்பதை அறியாமல், அதனை வாங்குவது பற்றியோ வாங்காது விடுவது பற்றியோ நாம் கொள்ளும் முடிவு அரைகுறையானதாகவே இருக்கும். கடலில் நீராடச் செல்வோர் வெயிலின் கடுமையினின்றும் தோலைக் காத்துக்கொள்ளப் பூசும் களிம்பு அத்தகைய பண்டங்களுள் ஒன்று. கடைகளில் 'சன்ஸ்கிரீன்' என்று வழங்கும் இதனை வெயிற்காப்புப் பூச்சு என்று இக்கட்டுரையிற் குறிப்போம். அண்மைக் காலமாக இப்பூச்சு அடைத்த போத்தல்கள் பலவற்றின்மீது, இது பவளப்பாறைகளுக்குத் தீங்கு செய்யாதது என்னும் பொருள்பட ஒரு வாசகம் அச்சிடப்பட்டு வருகின்றது. இவ்வாசகம் எங்கிருந்து வந்தது? அதனை நம்பலாமா? நம்ப முடியாதெனின், வாங்குபவர் எதனைக் கொண்டு நல்லதைத் தெரிவது? இவ்வினாக்களுக்கு விடை காண ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கால வரலாற்றைப் புரட்டிப் பார்த்தல் அவசியமாகும்.

முதற்கண் பாறையைப் பற்றிச் சில சொற்கள். சங்கச் செய்யுள்களில் துகிர் என்று பேசப்படுவதும், நவமணிகளுள் ஒன்றாகப் பொன்னிற் பதிக்கப்படுவதும் செந்நிறப் பவளம். வெப்பவலயக் கரையோரங்களிற் பாறைத் தொடராக வளர்வது அதனின் வேறானது. இதனை ஈழத்தவர் முருகைக்கல் என்பர். நெடுந்தீவிற் காணிகளைச் சூழ்ந்து நிற்கும் மதில்கள் இக்கல்லை அடுக்கி எழுப்பப்பட்டவையே. கல் என்று பெயர் பெற்றாலும் இது உயிர்களின் உழைப்பு. மிகச் சிறிய மெல்லுடல் உயிரிகள் கோடிக்கணக்கிற் கூடி, கடல்நீரிலுள்ள சுண்ணத்தைப் பிரித்தெடுத்துத் தம்மைச் சுற்றிக் கூடாகக் கட்டிக்கொள்கின்றன. அவற்றின் உடலினுள்ளே நுண்ணிய அல்காக்கள் குடியிருக்கின்றன. அல்காக்கள் சூரிய ஒளியைக் கொண்டு உணவு சமைத்து, தமக்கு இடந்தந்த உயிரிக்கும் அதிற் பெரும்பங்கை ஊட்டுகின்றன. முருகையின் நிறமும் அவை தந்ததே. கடல் அளவுக்கு மீறிச் சூடேறும்போதோ நீரில் நஞ்சு கலக்கும்போதோ இக்கூட்டு வாழ்வு குலைகின்றது. அல்காக்கள் வெளியேற, முருகை வெண்ணிறமாகி நிற்கின்றது. இதனையே வெளிறல் என்கின்றனர். வெளிறிய முருகை உடனே இறந்துவிடுவதில்லை. ஆயினும் அல்காக்கள் மீளாவிடிற் பட்டினியால் மடியும்.

கடலடித் தரையில் ஒரு சதவீதத்துக்கும் குறைந்த பரப்பையே முருகைக்கற் பாறைகள் கொண்டுள்ளன. ஆனால் கடல்வாழ் இனங்களில் ஏறத்தாழ நாலிலொரு பங்குக்கு அவையே புகலிடம். கரையை நோக்கி வரும் அலையின் ஆற்றலில் சராசரி 97 சதவீதத்தை இப்பாறைகள் தணித்துவிடுகின்றன என்று 2014ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று கணித்தது. கரையோரத்து ஏழை மீனவனுக்கு அவை உணவுக் களஞ்சியமும் மதிலுமாகும்.

இனிப் பூச்சின் கதைக்கு வருவோம். வெயிலிற் கறுத்த தோல் என்பது நெடுங்காலமாக ஐரோப்பாவில் இழிவின் அடையாளமாக இருந்தது. வயலில் உழைத்தவன் கறுத்தான். மாளிகையில் இருந்தவன் வெளுத்திருந்தான். கைத்தொழிற் புரட்சி இந்த நிலையைத் தலைகீழாக்கிற்று. உழைப்பாளர் சுரங்கங்களுள்ளும் ஆலைகளுள்ளும் அடைக்கப்பட்டனர். வெயிலையே காணாது வெளிறிப்போன முகம் இப்போது தொழிலாளியின் முகமாயிற்று. தெற்குக் கடற்கரைகளிற் சென்று ஓய்ந்திருக்கப் பணமும் பொழுதும் உடையவனே வெயிலில் நிறம் மாற முடிந்தது. எனவே 1920களில் வெயிற்பட்டுப் பழுப்பேறிய தோல் ஐரோப்பியச் செல்வரிடையே நாகரிகமாயிற்று. தோலின் நிறத்துக்குக் கொடுக்கப்பட்ட மதிப்பு மாறிற்றேயன்றி, அந்த மதிப்பை நிருணயித்தவர் மாறவில்லை என்பது ஈண்டுக் கவனிக்கற்பாலது.

1936ஆம் ஆண்டு யூன் மாதத்தில் பிரான்சிலே மக்கள் முன்னணி அரசாங்கம், மாபெரும் வேலைநிறுத்தங்களின் பயனாக, தொழிலாளருக்கு ஆண்டுதோறும் இரண்டு வாரச் சம்பளத்துடனான விடுமுறையைச் சட்டமாக்கிற்று. அதுகாறும் கடலைக் கண்டறியாத குடும்பங்கள் பல அந்தக் கோடையிற் கடற்கரைக்குச் சென்றன. அதே காலப்பகுதியில், 1930களின் நடுவில், லொறியால் நிறுவனத்தை ஆரம்பித்த இரசாயனவியலாளர் இயூஜின் சுவெல்லர் வெயிலெண்ணெய் ஒன்றைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். போராடிப் பெற்ற ஓய்வு, சந்தைக்குப் புதியதொரு வாசலையும் திறந்தது. ஓய்வு தொழிலாளியின் உரிமை, அதிலே ஐயமில்லை. அந்த ஓய்வோடு சேர்த்து விற்கப்பட்ட பண்டம் எங்கே போய்ச் சேரும் என்று அன்று எவரும் கேட்கவில்லை.

ஒஸ்திரியா நாட்டு இரசாயனவியலாளரான பிரான்சு கிறைற்றர் 1946இல் மலையேறுவோருக்கான வெயிற்காப்புக் களிம்பொன்றை உருவாக்கினார். பூச்சின் வலிமையை அளக்கும் காப்பெண்ணை 1970களிற் பரப்பியவரும் அவரே. ஐக்கிய அமெரிக்காவின் உணவு, மருந்து நிருவாகம் 1978இல் அவ்வெண்ணை ஏற்றுக்கொண்டது. இன்று போத்தலின்மீது 15, 30, 50 என்று காணப்படுவது இதுவே. தோலைச் சுடும் கதிர்களில் ஏறத்தாழ 97 சதவீதத்தை 30 என்னும் எண் தடுக்குமெனின், 50 என்னும் எண் 98 சதவீதத்தையே தடுக்கும். எண் பெரிதாகும் அளவுக்குக் காப்புப் பெரிதாவதில்லை.

இப்பூச்சுக்கள் இரண்டு வகையின. ஒருவகை, நாக ஒட்சைட்டு, தைத்தானியம் ஈரொட்சைட்டு ஆகிய கனிமத் தூள்களைக் கொண்டது. இவை கரையாமல் தோலின்மேல் ஒரு படையாகக் கிடந்து கதிர்களைத் தடுக்கின்றன. பூசினால் வெள்ளையாகத் தெரியும். மற்றையது, ஊதா கடந்த கதிர்களை உறிஞ்சவல்ல சேதனச் சேர்வைகளைக் கொண்டது. ஒக்சிபென்சோன், ஒக்ரினொக்சேற்று, ஒக்ரோகிரிலீன் என்பன இவ்வகையின. இவை நிறமின்றித் தோலிற் படிவதால் வாங்குவோர் இவற்றையே விரும்பினர். உற்பத்தியாளரும் இவற்றையே பெருக்கினர். பிளாத்திக்குப் பொருள்கள் வெயிலில் நைந்துபோகாதிருக்கச் சேர்க்கப்படும் பொருள்களுள் ஒக்சிபென்சோனும் ஒன்று என்பதை அறிவோர் சிலரே.

இவ்விடத்தில் நேர்மையோடு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வெயிற்காப்புப் பூச்சு வெறும் ஒப்பனைப் பண்டம் மட்டுமன்று. ஒஸ்திரேலியாவிற் குடியேறிய வெண்ணிறத் தோலினர் தோற்புற்றுநோயாற் பெரிதும் வருந்தினர். அந்நாட்டுக் குயின்சிலாந்து மாநிலத்தின் நம்பூர் என்னும் ஊரில் 1992இல் தொடங்கி ஆயிரத்து அறுநூற்றுக்கு மேற்பட்டோரிடையே நடத்தப்பட்ட ஆய்வு, நாள்தோறும் பூச்சைப் பயன்படுத்தியோரிடம் தோற்புற்றுநோயின் ஒருவகை ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தமையை 1999இல் அறிவித்தது. எனவே மனிதனின் தோல் ஒருபுறமும் கடலின் முருகை மறுபுறமுமாக ஒரு முரண்பாடு இங்கே நிற்கின்றது. இதனை இலேசாகத் தள்ளிவிட்டு 'பூச்சே வேண்டாம்' என்று சொல்பவர் பிறருடைய நோயைப் பொருட்படுத்தாதவராவர்.

இம்முரண்பாடு முதன்முதலிற் பெரும் அரசியல் விவாதமாக வெடித்த இடம் ஹவாய்த் தீவுகள். அத்தீவுகளின் பூர்வகுடிகள் தம் படைப்பு வரலாற்றைக் குமுலிப்போ என்னும் நெடும்பாடலாகப் பேணி வந்தனர். அதன்படி இருளிலிருந்து முதன்முதற் பிறந்த உயிர் முருகையே. மனிதன் வெகுகாலம் பின்னர்ப் பிறந்த இளையவன். அம்மக்களின் அரசியைக் கரும்புத் தோட்ட முதலாளிகளின் ஆதரவு பெற்ற ஒரு கூட்டம் 1893இல் அரசிறக்கிற்று. 1898இல் ஐக்கிய அமெரிக்கா தீவுகளைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. 1959இல் ஹவாய் ஒரு மாநிலமாயிற்று. தாரை விமானங்களும் அவ்வாண்டிலேயே வந்திறங்கத் தொடங்கின. அந்த ஆண்டில் வந்த உல்லாசப் பயணிகள் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் பேர். 2019இல் அத்தொகை ஒரு கோடியைத் தாண்டிற்று. கரும்பும் அன்னாசியும் ஓய்ந்த நிலத்திற் கடற்கரையே புதிய பெருந்தோட்டமாயிற்று.

ஒவாஹுத் தீவிலுள்ள ஹனவுமாக் குடாவின் கதை இதற்குச் சான்று. எரிமலை வாயொன்றிற் கடல் புகுந்து உண்டான அழகிய குடா அது. 1967இல் அது கடலுயிர்க் காப்பிடமாக்கப்பட்டது, மீன்பிடித்தல் தடைசெய்யப்பட்டது. மீன்பிடி ஓய்ந்த குடாவிலே நீராடுவோர் பெருகினர். 1980களின் பிற்பகுதியில் நாளொன்றுக்குப் பத்தாயிரம் பேர் வரை அங்கே இறங்கினர். அவர்கள் உடலிலிருந்து கழன்ற எண்ணெய் நீரின்மேற் படலமாக மிதந்தது. 1990க்குப் பின்னரே வருவோர் தொகை கட்டுப்படுத்தப்பட்டது. 2002 முதல், குடாவைப் பற்றிய விளக்கப்படத்தைப் பார்த்த பின்னரே எவரும் நீரில் இறங்கலாம் என்னும் விதி வந்தது.

அறிவியலாளர் இந்த எண்ணெயின் விளைவைச் சோதிக்கத் தலைப்பட்டது இவ்வளவுக்கும் பின்னரே. இத்தாலி நாட்டு ஆய்வாளரான ரொபேட்டோ டனோவாரோவும் அவர் குழுவினரும் 2008இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மெக்சிக்கோ, எகிப்து, தாய்லாந்து, இந்தோனீசியா ஆகிய நாடுகளின் கடல்களிலே முருகைக் கிளைகளைச் சிறிதளவு பூச்சுக் கலந்த நீரில் வைத்தபோது, நான்கு நாள்களுக்குள் அவை முற்றாக வெளிறின. ஆண்டுதோறும் நாலாயிரம் முதல் ஆறாயிரம் தொன் வரையான பூச்சு முருகைப் பகுதிகளிற் கழுவப்படுகின்றது என்றும், உலகின் முருகைக்கற் பாறைகளில் பத்திலொரு பங்கு வரை இதனால் இடருறலாம் என்றும் அவர்கள் மதிப்பிட்டனர். 2015இல் கிரெய்க் டவுன்சு என்பாரின் குழு ஒக்சிபென்சோனைத் தனியே ஆராய்ந்தது. முருகையின் குடம்பிகள் அதனால் உருக்குலைந்து, நீந்தும் பருவத்திலேயே தம் சுண்ணக்கூட்டினுள் தாமே சிறைப்பட்டமையை அவர்கள் கண்டனர். வெளிச்சத்தில் இந்நஞ்சு மேலும் கடுமையாயிற்று.

இவ்வாய்வுகள் மறுப்பின்றி ஏற்கப்பட்டவை அல்ல. ஆய்வுகூடத்திற் பயன்படுத்திய அளவுகள் கடலிற் காணப்படுவனவற்றிலும் மிகுதியானவை என்று சிலர் வாதிட்டனர். 2019இல் ஒவாஹுக் கரைநீரை அளந்த வேறொரு குழு மிகக் குறைந்த அளவுகளையே பெரும்பாலான இடங்களிற் கண்டது. எனினும் 2022இல் அமெரிக்காவின் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தார் செய்த சோதனை, தீங்கு நிகழும் வழியைத் துலக்கிற்று. முருகையின் உறவினமான கடற்சாமந்தியை அவர்கள் எடுத்துக்கொண்டனர். ஒக்சிபென்சோன் கலந்த நீரில், சூரிய ஒளிக்கு ஒப்பான ஒளியில், அவை 17 நாள்களுக்குள் மடிந்தன. ஊதா கடந்த கதிர் படாதவை பிழைத்தன. காரணம் என்ன? கடற்சாமந்தி அப்பொருளை வெளியேற்றும் பொருட்டு அதனோடு வெல்லத்தைச் சேர்க்கின்றது. அச்சேர்க்கையால், வெயிலைத் தடுத்த பொருள் வெயில் பட்டால் நஞ்சாகும் பொருளாக மாறிவிடுகின்றது. உள்ளிருக்கும் அல்காக்கள் அந்நஞ்சிற் பெரும்பகுதியைத் தம்மிடம் ஒதுக்கிக்கொண்டு சிறிது காக்கின்றன. அல்காக்களை இழந்து வெளிறியவை விரைவில் மடிந்தன. கடற்சூட்டால் ஏற்கெனவே வெளிறிய முருகைக்கே இப்பூச்சு மிகுந்த கேட்டைச் செய்யக்கூடும் என்பது இதன் பொருள்.

விஞ்ஞான வாதம் முடியும்வரை காத்திராமல் ஹவாய் மாநிலச் சட்டசபை 2018ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு சட்டத்தை நிறைவேற்றிற்று. யூலை 3ஆம் நாள் ஆளுநர் டேவிட் இகே ஒப்பமிட்டார். ஒக்சிபென்சோன், ஒக்ரினொக்சேற்று ஆகிய இரண்டும் கலந்த பூச்சுக்களை மருத்துவரின் சீட்டின்றி விற்றல் 2021 சனவரி 1 முதல் தடுக்கப்பட்டது. உலகில் இவ்வாறு சட்டமியற்றிய முதல் ஆட்சிப்பகுதிகளுள் ஹவாயும் ஒன்று. பூச்சு உற்பத்தியாளரின் கூட்டமைப்பு இதனை எதிர்த்தது வியப்பன்று. மேலும் ஆராய வேண்டும் என்று மருத்துவரும் சொன்னார்கள். முன்னவரின் கவலை இலாபம் பற்றியது. பின்னவரின் கவலை நோயாளி பற்றியது. இரண்டையும் ஒன்றாகக் கருதுதல் தவறு. ஆனால் சட்டம் பூச்சை ஒழிக்கவில்லை. இரண்டு பொருள்களையே விலக்கிற்று. கனிமப் பூச்சு கடைகளில் இருக்கவே செய்தது. தோலா முருகையா என்று பேசப்பட்ட முரண்பாட்டிற் பெரும்பகுதி, உண்மையிலே நிறமற்ற களிம்பா வெண்களிம்பா என்னும் அளவுக்குச் சுருங்கிற்று.

அச்சட்டத்தில் ஓட்டையும் இருந்தது. அது விற்பனையைத் தடுத்ததேயன்றிப் பயன்பாட்டைத் தடுக்கவில்லை. பயணி தன் பெட்டியிற் கொண்டுவரும் போத்தலை எவரும் கேட்கவியலாது. 2022இல் மவுயி மாவட்டமும் ஹவாய் மாவட்டமும் ஒருபடி மேலே சென்று, கனிமப் பூச்சல்லாத எதனையும் மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாதெனத் தத்தம் எல்லைக்குள் விதித்தன.

பசிபிக்குச் சமுத்திரத்தின் மேற்கிலே, பதினெண்ணாயிரம் பேரளவே வாழும் பலாவு நாடு, ஹவாய் தயங்கிய இடத்தில் துணிந்து நின்றது. ஸ்பானியர், செருமானியர், யப்பானியர், அமெரிக்கர் என்று நால்வரின் ஆட்சியை அடுத்தடுத்துக் கண்டு 1994இல் விடுதலை பெற்ற நாடு அது. விடுதலைக்கு முன்னரே, 1979இல் வரைந்த தன் அரசியலமைப்பில் அணுவாயுதத்துக்கு இடமில்லை என்று எழுதிக்கொண்ட மக்கள் அவர்கள். மீன்வளம் குன்றும்போது ஊர்த் தலைவர்கள் கூடி ஒரு பாறைப் பகுதியைக் குறித்த காலத்துக்கு மூடிவிடும் வழக்கம் அங்கே பழைமையானது. அதனை 'புல்' என்று அழைக்கின்றனர். கடல் தனியொருவனின் தெரிவுக்கு விடப்பட்டதன்று, ஊரின் முடிவுக்கு உட்பட்டது என்னும் கருத்து அவ்வழக்கின் உள்ளே உறைகின்றது.

பலாவுவின் இழுதுமீன் ஏரியிலே நீந்துவதற்கு உலகெங்குமிருந்து பயணிகள் வருவர். 2017இல் அவ்வேரியின் நீரிலும் சேற்றிலும் இழுதுமீன்களின் உடலிலும் வெயிற்காப்புப் பூச்சின் பொருள்கள் கலந்திருக்கக் காணப்பட்டன. 2018இல் அந்நாட்டு நாடாளுமன்றம், பொறுப்புள்ள உல்லாசப் பயணம் பற்றிய சட்டமொன்றில், பத்துப் பொருள்களைக் குறிப்பிட்டு அவை கலந்த பூச்சுக்களை இறக்குமதி செய்வதையும் விற்பதையும் 2020 சனவரி 1 முதல் தடைசெய்தது. மீறிய வணிகருக்கு ஆயிரம் டொலர் வரை தண்டம். பயணி கொண்டுவரும் போத்தலும் வாயிலிலே பறிமுதலாகும். உல்லாசப் பயணத்தின் வருவாயிலே பெரிதும் தங்கியிருக்கும் ஒரு சிறு நாடு, வரும் விருந்தினரை நோக்கி இவ்வாறு சொல்வது எளிதான காரியமன்று.

இந்த எடுத்துக்காட்டைப் பின்பற்றிய இடங்களும் உண்டு. பின்வாங்கிய இடங்களும் உண்டு. அமெரிக்கக் கன்னித் தீவுகளில் 2020 மார்ச்சு மாதத்தில் மூன்று பொருள்களுக்கான தடை நடைமுறைக்கு வந்தது. தாய்லாந்து 2021இல் தன் கடற் தேசிய பூங்காக்களில் நான்கு பொருள்களை விலக்கிற்று. ஆனால் புளோரிடா மாநிலத்தின் கீ வெஸ்ற்று நகரசபை 2019இல் விதித்த தடையை, அது நடைமுறைக்கு வருமுன்னரே, 2020இல் மாநிலச் சட்டசபை செல்லாததாக்கிற்று. நகரத்து மக்களின் பிரதிநிதிகள் செய்த தெரிவை மேலிருந்தோர் ஒரு கையெழுத்தால் அழித்தனர்.

சட்டம் செல்லும் வழியை நோக்கியிருந்த சந்தை தன் வழியிலே விரைந்தது. முன்னர் நாம் கண்ட வாசகம் போத்தல்களிற் பெருகியது இக்காலத்திலேயே. அவ்வாசகத்துக்கு ஐக்கிய அமெரிக்காவிற் சட்டம் வகுத்த வரைவிலக்கணம் எதுவும் இல்லை. தடைசெய்யப்பட்ட இரண்டு பொருள்களை நீக்கி, அவற்றின் இடத்தில் ஒக்ரோகிரிலீனைச் சேர்த்துவிட்டும் அதே வாசகத்தை ஒட்டலாம். மக்களின் கவலையையே மூலதனமாக்கும் இந்த வித்தை வணிக உலகுக்குப் புதியதன்று.

ஆகவே வாங்குவோர் முன்பக்கத்து வாசகத்தை விட்டுப் பின்பக்கத்துச் சிற்றெழுத்தைப் படித்தல் வேண்டும். ஒக்சிபென்சோன், ஒக்ரினொக்சேற்று, ஒக்ரோகிரிலீன் என்னும் பெயர்கள் காணப்படின் அதனைத் தவிர்த்தல் நன்று. ஒக்சிபென்சோன் சில போத்தல்களில் பென்சோபீனோன்-3 என்னும் மறுபெயரில் ஒளிந்திருக்கும். கதிரைத் தடுக்கும் பொருளாக நாக ஒட்சைட்டோ தைத்தானியம் ஈரொட்சைட்டோ மட்டும் குறிக்கப்பட்டிருப்பதே கொள்ளத்தக்கது. அமெரிக்க மருந்து நிருவாகம் 2019இல் முன்மொழிந்த விதிகளில், மனித உடலுக்குப் பாதுகாப்பானவை என்று ஏற்பதற்குப் போதிய சான்றுடையனவாகக் குறிக்கப்பட்டவையும் இவ்விரண்டே. ஆயினும் மிக நுண்ணிய துணிக்கைகளாக அரைக்கப்பட்ட நாகமும் கடலுயிர்களுக்குக் கேடு செய்யலாம் என்பதால், நுண்துணிக்கை கலவாதது என்று குறித்ததைத் தெரிதல் வேண்டும். விசிறித் தெளிக்கும் வகை பெரும்பாலும் காற்றோடு மணலிற் படிந்து கடலையே சேரும். கையாற் பூசுவது மேலானது. பூசியவுடன் நீரில் இறங்காது சிறிது பொறுத்தலும் நன்று. கடலில் இறங்காதவரும் தமக்கு இதிலே பங்கில்லை என்று எண்ணலாகாது. குளியலறையிற் கழுவிய பூச்சும் கழிவுநீரோடு கடலை அடையக்கூடியதே.

எல்லாவற்றிலும் சிறந்த தெரிவு போத்தலில் இல்லை. ஒஸ்திரேலியாவில் 1981இல் தொடங்கிய புகழ்பெற்ற சுகாதார இயக்கம் மக்களுக்கு மூன்று கட்டளைகளைச் சொல்லிற்று. சட்டையை அணி என்பது அவற்றுள் முதலாவது. பூச்சைப் பூசு என்பது அதற்குப் பின்னரே வந்தது. தொப்பியை வை என்பது மூன்றாவது. நம் வயலிலும் கரைவலையிலும் உழைப்போர் தலையிற் சால்வையைக் கட்டி, உச்சி வெயிலில் மரநிழலில் ஒதுங்கி, எவரும் கற்பிக்காமலே இதனை அறிந்திருந்தனர். உடலை மூடும் நீச்சலுடை, பூசவேண்டிய பரப்பைப் பாதிக்கு மேற் குறைத்துவிடும். துணி கடலிற் கரைவதில்லை.

இனி ஒரு தடையை எதிர்கொள்வோம். முருகையின் முதற்பகை பூச்சன்று, கடலின் சூடு என்பர். இது முற்றிலும் உண்மை. நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்ததாற் சூடேறிய கடலில் 1998இல் உலகளாவிய முதற் பெருவெளிறல் நிகழ்ந்தது. நான்காவது பெருவெளிறல் நடைபெறுகின்றது என்று 2024 ஏப்பிரலில் அறிவிக்கப்பட்டது. 2023 முதல் 2025 மார்ச்சு வரையில் உலகின் முருகைப் பரப்பில் 84 சதவீதம் வெளிறலை உண்டாக்கும் வெப்பத்துக்கு ஆளாயிற்று. இதனோடு ஒப்பிடுகையிற் போத்தலின் குற்றம் சிறிது. ஆயினும், பெரிய குற்றவாளியைச் சுட்டிச் சிறிய குற்றவாளியைத் தப்பவிடுதல் நீதியாகாது. வெளிறிய முருகைக்குப் பூச்சு இரட்டை நஞ்சாகலாம் என்பதைக் கண்டோம். மறுதலையாக, நல்ல போத்தலை வாங்கியதோடு தம் கடமை தீர்ந்தது என்று எண்ணி விமானமேறும் பயணியையும் நாம் மெச்ச முடியாது.

இலங்கைக் கரையோரத்தில் வாழும் நமக்கு இக்கதை அயலானதன்று. தென்மேற்குக் கரையிலே முருகைக்கல்லை வெட்டிச் சூளையிலிட்டுச் சுண்ணாம்பு சுடுதல் நெடுநாளாக ஏழைகளின் பிழைப்பாக இருந்தது. 1988இல் திருத்தப்பட்ட கரையோரப் பேணற் சட்டம் அதனைத் தடைசெய்தது. அத்தடை வேண்டியதே. 2004ஆம் ஆண்டுக் கடற்கோளின் பின் வெளியான ஆய்வொன்று, பாறை பேணப்பட்ட ஹிக்கடுவையில் அலை சிறிது தூரமே ஏறியதையும், அதற்கு வடக்கே சில கிலோமீற்றர் தொலைவில், பாறை வெட்டப்பட்ட பெரலியவில், அது ஒன்றரைக் கிலோமீற்றர் வரை உட்புகுந்து புகைவண்டியையே புரட்டியதையும் எடுத்துக்காட்டிற்று. ஆனால் சூளைக்காரனின் கையைப் பிடித்த சமுதாயம், அதே பாறைக்கு மேலே கண்ணாடி அடித்தளப் படகுகளை ஓட்டி வருவாய் தேடுவோரையும், அங்கே எண்ணெய் பூசி இறங்குவோரையும் அதே கண்டிப்போடு கேட்டதா? நிலாவெளிக்கு அப்பால் உள்ள புறாத்தீவு 2003இல் தேசிய பூங்காவாக்கப்பட்டது. போர் முடிந்த 2009க்குப் பின் அங்கே செல்வோர் பெருகினர். அத்தீவைச் சூழ்ந்த முருகையை நம்பி மீனும் மீனை நம்பிக் கரையோர மக்களும் வாழ்கின்றனர். படகேறுமுன் எந்தப் பூச்சு ஏற்கத்தக்கது, எது விலக்கத்தக்கது என்று கரையிலேயே சொல்லும் ஒழுங்கை ஹனவுமாக் குடாவும் பலாவும் காட்டியிருக்கின்றன.

சுருங்கக் கூறின், இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது இது. எதை வாங்குவது என்னும் முடிவைத் தனிமனிதனின் மனச்சாட்சிக்கு விட்டுவிடுதல் சந்தைக்கு உவப்பானது. ஏனெனில் அம்மனச்சாட்சிக்கும் ஒரு வாசகத்தை அச்சிட்டு விற்க அதற்குத் தெரியும். போத்தலின் பின்பக்கத்தைப் படிக்கும் மனிதன் வேண்டும். அவன் படித்ததைச் சட்டமாக்கும் ஊரும் வேண்டும். பலாவுவின் மக்கள் பதினெண்ணாயிரம் பேர். அவர்களாற் பத்துப் பொருள்களை வாயிலில் நிறுத்த முடிந்தது. நம்மிடம் ஊர்ச்சபைகளும் மீனவர் சங்கங்களும் பள்ளிக்கூடங்களும் இருக்கின்றன. கடலில் எது கலக்கலாம் என்னும் முடிவை அங்கே பேசத் தொடங்குவதே நாம் செய்யவேண்டிய முதல் வேலை.